ரெட்ரோ கேம் பெட்டி அமைக்கப் போகிறீர்களா? மென்பொருள் முதலில், தீம் கடைசியில்

பழைய கன்சோல்களின், அதாவது வீடியோ கேம் இயந்திரங்களின், கேம்களைத் தொலைக்காட்சியில் ஆட அமைக்கும் சிறு கணினிதான் ரெட்ரோ கேம் பெட்டி. நான் அதைத் தொடங்கியதே தவறான முனையிலிருந்து. கேம் பட்டியல் திரைக்கு அழகு தரும் தோற்றத் தொகுப்பான தீம் ஒன்று என் கண்ணில் பட்டது. கருநீலப் பின்னணி, ஒவ்வொரு கன்சோலுக்கும் தனி ஓவியம், கேமின் பெயரில் வந்து நின்றதும் ஓடத் தொடங்கும் சிறு வீடியோ. அதை என் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில் ராஸ்பெர்ரி பை என்ற கையளவுக் கணினிப் போர்டை வாங்கினேன், கையில் கிடைத்த முதல் மென்பொருளை ஏற்றினேன், தீம் கோப்புறையை உள்ளே போட்டேன். திரையில் வெள்ளைக் கட்டங்களும் வெறும் எழுத்துகளும் வந்தன. அந்தத் தீம் வேறொரு மென்பொருளுக்காக எழுதப்பட்டது என்று புரிவதற்குள் மூன்று வார இறுதிகள் போய்விட்டன.

நீங்கள் அந்த மூன்று வார இறுதிகளை இழக்க வேண்டாம். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள். நிதானமாகச் செய்தால் இரண்டு சனிக்கிழமைகளில் முடியும்.

1. எதை ஆடப் போகிறீர்கள் என்று எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்துப் பத்து கேம்களின் பெயரை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எந்தக் கன்சோலுக்கு வந்தது என்று குறியுங்கள். பெட்டியின் விலையையும் மென்பொருளையும் இந்தத் தாள்தான் தீர்மானிக்கும். "எல்லாம் ஓட வேண்டும்" என்று எழுதினால் செலவு இரட்டிப்பாகும், பத்தில் எட்டை நீங்கள் தொடவே மாட்டீர்கள்.

பட்டியலில் உள்ளவை நின்டெண்டோவின் 8 பிட், 16 பிட் கன்சோல்கள், சேகா மெகா டிரைவ், கேம் பாய் அட்வான்ஸ் ஆகியவற்றோடு நின்றால் மிகச் சிறிய ராஸ்பெர்ரி பை ஸீரோ 2 டபிள்யூ போதும். முதல் பிளேஸ்டேஷன் கேம்களும் அதில் பெரும்பாலும் ஓடும். ட்ரீம்காஸ்ட், பிஎஸ்பி, நின்டெண்டோ 64 வேண்டுமானால் பை 4 அல்லது பை 5. பிளேஸ்டேஷன் 2 இருக்கிறதா? ராஸ்பெர்ரி பையை மறந்துவிட்டு மேசைக் கணினியின் பக்கம் போங்கள்.

2. கருவியும் செலவும்

பை 4 வைத்து நான் கட்டிய பெட்டிக்கு ஆன செலவு இது: 4 ஜிபி போர்டு 5,500 ரூபாய், மின் அடாப்டர் 800, மைக்ரோ எச்டிஎம்ஐ கேபிள் 400, 64 ஜிபி மெமரி கார்டு 700, விசிறியுடன் கூடிய உறை 600, யுஎஸ்பி கன்ட்ரோலர்கள் இரண்டு 1,600. மொத்தம் 9,600 ரூபாய். போர்டின் விலை நினைவகத்தின் அளவைப் பொறுத்து ஏறும். கடைக்குக் கடையும் மாறும். வாங்கும் அன்று மூன்று இடங்களில் விசாரியுங்கள்.

பிறகு நண்பர் ஒருவருக்காகச் சென்னை ரிச்சி தெருவில், அலுவலகத்தில் ஓடி ஓய்ந்த நான்காம் தலைமுறை ஐ5 கணினி ஒன்றை 7,500 ரூபாய்க்கு வாங்கினோம். பையைவிடப் பெரியது, மின்சாரமும் கூடுதலாக இழுக்கும். ஆனால் அடாப்டர், உறை, சிறப்புக் கேபிள் எதுவும் தனியே வாங்க வேண்டியிருக்கவில்லை. வீட்டில் இடம் இருப்பவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

மின் அடாப்டரில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். பை 4-க்கு 5 வோல்ட் 3 ஆம்பியர் வேண்டும், பை 5-க்கு 5 வோல்ட் 5 ஆம்பியர். கைபேசி சார்ஜரைச் செருகினாலும் பெட்டி எழுந்துவிடும், அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். கேம் நடுவில் திணறும், கன்ட்ரோலர் துண்டிக்கப்படும், கார்டில் உள்ள கோப்புகள் கெடும். திரையின் மேல் மூலையில் மஞ்சள் மின்னல் குறி தெரிந்தால் காரணம் அடாப்டர்தான். அதை மாற்றாமல் மென்பொருளைக் குறை சொல்லி இரவெல்லாம் விழித்திருக்க வேண்டாம். பை 5 குறைந்த ஆம்பியர் அடாப்டரிலும் ஓடும். ஆனால் யுஎஸ்பி துளைகளுக்குப் போகும் மின்னோட்டத்தைச் சுருக்கிவிடும்.

மெமரி கார்டில் போலிகள் உண்டு. 64 என்று அச்சிட்டிருக்கும், உள்ளே 8 இருக்கும். நிரம்பும் வரை எல்லாம் சரியாகவே தோன்றும். எனவே வாங்கிய அன்றே எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசச் செயலியால் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். ஒரு மணி நேரம் ஆகலாம். ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள், மாற்றிக்கொள்ள அது தேவைப்படும்.

3. மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது

இங்கேதான் நான் வழுக்கினேன், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பெட்டிக்குள் மூன்று அடுக்குகள் இருக்கின்றன. பழைய கன்சோலைப் போல நடிப்பது எமுலேட்டர். பல எமுலேட்டர்களைக் கோர் என்ற பெயரில் ஒரே குடையின் கீழ் ஓட்டுவது ரெட்ரோஆர்ச். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நின்று கேம் பட்டியலை அழகாகக் காட்டும் முகப்பு மூன்றாவது, பெரும்பாலும் எமுலேஷன்ஸ்டேஷன். தீம் என்பது இந்த மூன்றாம் அடுக்குக்கு உரியது. ஆனால் எமுலேஷன்ஸ்டேஷனுக்குப் பல கிளைகள் உண்டு. பெயர் ஒன்றாக இருந்தாலும் ஒரு கிளையின் தீம் மற்றொன்றில் அப்படியே ஓடாது. இந்த ஒரு விஷயம் தெரியாமல்தான் நான் மூன்று வாரம் அலைந்தேன். இந்த அடுக்குகளைச் சேர்த்துக் கட்டித் தரும் மென்பொருள்கள் கீழே உள்ளன, கடைசியானது மட்டும் வெறும் முகப்பு.

*பாட்டோசெரா.* புதியவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான். ராஸ்பெர்ரி பையிலும் ஓடும், சாதாரணக் கணினியிலும் ஓடும். யுஎஸ்பி டிரைவில் எழுதி அதிலிருந்தே கணினியைத் தொடங்கலாம், உள்ளே இருக்கும் விண்டோஸ் அப்படியே இருக்கும். எமுலேட்டர்கள் எல்லாம் முன்கூட்டியே அமைக்கப்பட்டு வருகின்றன. தீம் இறக்கும் வசதியும் மெனுவிலேயே இருக்கிறது. கணினி அதிலிருந்து எழவில்லை என்றால் கணினியின் பயாஸ் அமைப்பில் (தொடக்க அமைப்புத் திரையில்) செக்யூர் பூட் என்ற பாதுகாப்புத் தடை அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மெனுவில் வட்டில் நிறுவும் தெரிவும் உண்டு. அது கணினி வட்டில் இருப்பதை முழுக்க அழித்துவிடும், தெரியாமல் தொடாதீர்கள்.

*ரெட்ரோபை.* உள்ளே கை வைத்துப் பழக நினைப்பவர்களுக்கு உகந்தது. அடியில் இருப்பது முழு லினக்ஸ் இயங்குதளம், எதையும் திறந்து மாற்றலாம். இதற்காக எழுதப்பட்ட தீம்களும் ஏராளம். குறை ஒன்று உண்டு. கார்டில் அப்படியே எழுதக்கூடிய தயார்நிலைக் கோப்பான இமேஜ், பதிப்பு 4.8, 2022-இல் வந்தது, பை 4 வரைதான் ஏற்கும். பை 5 வைத்திருப்பவர்கள் முதலில் ராஸ்பெர்ரி பை ஓஎஸ் நிறுவி, அதன்மேல் ரெட்ரோபையின் அமைப்பு நிரலை ஓட்ட வேண்டும். அதற்கு ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள்.

*ரீகால்பாக்ஸ்.* எளிமையானது, முதல் நாளிலேயே ஆடத் தொடங்கலாம். மாற்றங்களுக்கு இடம் குறைவு.

*லக்கா.* ரெட்ரோஆர்ச் மட்டுமே, எமுலேஷன்ஸ்டேஷன் கிடையாது. இலகுவானது. தீம் ஆசை உள்ளவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

*ஈஎஸ்-டிஈ.* இது தனி இயங்குதளம் அல்ல. விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு ஆகியவற்றின் மேல் ஓடும் முகப்பு. தீம்களின் அழகில் இதற்கு இணை நான் பார்க்கவில்லை. ஆனால் எமுலேட்டர்களை நீங்களே தனித்தனியாக நிறுவ வேண்டும். ஆண்ட்ராய்டுப் பதிப்புக்கு மட்டும் கட்டணம் உண்டு. ரெட்ரோபைக்கு எழுதிய பழைய தீம்கள் இதில் ஓடாது.

முடிவு செய்யும் முன் ஒன்றைச் செய்யுங்கள். உங்களுக்குப் பிடித்த தீமின் பக்கத்தைத் திறந்து அது இவற்றில் எதற்காக எழுதப்பட்டது என்று பாருங்கள். தீம் நிறுவுவது கடைசியில்தான், ஆனால் அது எந்தக் குடும்பம் என்பதை இப்போதே தெரிந்துகொள்ள வேண்டும்.

4. கார்டில் எழுதுவது

மென்பொருளைக் கார்டில் எழுதித் தரும் ராஸ்பெர்ரி பை இமேஜர் செயலியின் பட்டியலிலேயே ரெட்ரோபையும் ரீகால்பாக்ஸும் இருக்கின்றன. பாட்டோசெராவை அதன் தளத்திலிருந்து, உங்கள் கருவிக்கு உரிய கோப்பாகப் பார்த்து இறக்கி, அதே செயலியால் எழுதலாம். இருபது நிமிடம் போதும். முதல் முறை பெட்டி எழும்போது கார்டின் மீதி இடத்தை விரித்துக்கொள்ளும். அப்போது மின்சாரத்தைப் பிடுங்கக் கூடாது.

எழுதிய கார்டைத் திரும்ப விண்டோஸ் கணினியில் செருகினால் "இந்த வட்டைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும்" என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். லினக்ஸ் பகுதியை விண்டோஸால் படிக்க முடியாது, அவ்வளவுதான். ஆமாம் என்று அழுத்தினால் எல்லாம் போய்விடும்.

5. ரோம், பயாஸ், ரசீது

கேமின் நகல் கோப்புதான் ரோம். மேலே சொன்ன எந்த மென்பொருளும் கேம்களுக்கு உரிமம் தராது. "பத்தாயிரம் கேம்கள் உள்ளே" என்று விற்கப்படும் கார்டுகளை வாங்காதீர்கள். கேம்களின் உரிமை ஒரு பக்கம் இருக்கட்டும், உள்ளே இருக்கும் சில எமுலேட்டர்களின் உரிமமே வணிக விற்பனையைத் தடுக்கிறது. அதோடு அவை பெரும்பாலும் மலிவான கார்டுகளில் வருகின்றன.

இந்தியாவில் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 52(1)(ஏஏ), சட்டப்படி கையில் வைத்திருக்கும் கணினி நிரலுக்குக் காப்பு நகல் எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. ஆகவே உங்களிடம் உள்ள வட்டுகளையும் கார்ட்ரிட்ஜ்களையும் வைத்துத் தொடங்குங்கள், வாங்கிய ரசீது இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள். முதல் பிளேஸ்டேஷன் வட்டைச் சாதாரண டிவிடி டிரைவில் போட்டு இம்ஜ்பர்ன் செயலியால் நகலெடுக்கலாம். கார்ட்ரிட்ஜ்களுக்குத் தனி வாசிப்புக் கருவி வாங்க வேண்டும். எதுவும் இல்லாதவர்களும் வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை. டோபு டோபு கேர்ள், ஃப்ரீடூம் போன்றவை இலவசமாகவே வெளியிடப்பட்டவை. ராபி ரோட்டோ, கிரிட்லீ போன்ற சில ஆர்கேட் (காசு போட்டு ஆடும் இயந்திர) கேம்களை உரிமையாளர்களின் அனுமதியோடு மேம் எமுலேட்டரின் தளமே தருகிறது. பெட்டியைச் சோதித்துப் பார்க்க இவை போதும்.

பயாஸ் கோப்பு என்பது கன்சோலின் சொந்த உள்மென்பொருள். கேம் கறுப்புத் திரையில் நின்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். பிளேஸ்டேஷனுக்கு அமெரிக்க, ஜப்பானிய, ஐரோப்பியப் பதிப்புகள் தனித்தனியாக உண்டு, ஒவ்வொன்றும் 512 கேபி. நியோ ஜியோ என்ற இயந்திரத்தின் கேம்களுக்கு அதன் பயாஸ் தொகுப்பு வேண்டும். லினக்ஸில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு என்பதால் கோப்பின் பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் மென்பொருளின் கண்ணுக்குத் தெரியாது. எனக்கு ஒரு முழு ஞாயிறு இப்படிப் போனது. பாட்டோசெராவில் விடுபட்ட பயாஸ் கோப்புகளைப் பட்டியலிடும் மெனு இருக்கிறது, அதை முதலில் பாருங்கள்.

ஆர்கேட் கேம்களில் இன்னொரு பொறி உண்டு. ஒவ்வொரு எமுலேட்டர் பதிப்பும் தனக்கு இணையான ரோம் தொகுப்பையே ஏற்கும். மேம் 2003 கோர் கேட்பது 0.78 தொகுப்பு. ஃபைனல்பர்ன் நியோ என்ற மற்றொரு கோர் கேட்பது தன் புதிய தொகுப்பு. ஒன்றுக்கானதை மற்றொன்றில் போட்டால் கேம் தொடங்காமல் மெனுவுக்கே திரும்பிவிடும். ஆர்கேட் ஜிப் கோப்புகளை விரிக்கவும் கூடாது, பெயர் மாற்றவும் கூடாது.

பல வட்டுகளில் வந்த பிளேஸ்டேஷன் கேம்களுக்கு, வட்டுக் கோப்புகளின் பெயர்களை வரிக்கு ஒன்றாக எழுதிய எம்3யு என்ற சிறு உரைக் கோப்பை உருவாக்குங்கள். பட்டியலில் கேம் ஒரே பெயராகத் தெரியும், நடுவில் வட்டு மாற்றுவதும் எளிது.

கோப்புகளை அனுப்ப யுஎஸ்பி டிரைவோ வீட்டு வலையமைப்போ போதும். பெட்டியும் கணினியும் ஒரே வைஃபையில் இருந்தால் விண்டோஸின் வலையமைப்புப் பகுதியில் பெட்டியின் பெயர் தெரியும். வட்டுக் கேம்கள் பெரியவை, அவற்றுக்குக் கேபிள் நல்லது.

6. கன்ட்ரோலர்

முதல் தொடக்கத்தில் ஒவ்வொரு பொத்தானாகக் கேட்கும். இல்லாத பொத்தானைத் தாண்ட வேறொரு பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். ஹாட்கீ, அதாவது மற்ற பொத்தானோடு சேர்த்து அழுத்தினால் கட்டளையாகும் பொத்தான், என்று கேட்கும்போது செலக்ட் பொத்தானைக் கொடுங்கள். செலக்ட், ஸ்டார்ட் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் கேமிலிருந்து வெளியே வரலாம்.

வெளியே வரும் இந்த வழியை வீட்டில் எல்லோருக்கும் கற்றுக்கொடுங்கள். கேமுக்குள் சேமித்த முன்னேற்றத்தை ரெட்ரோஆர்ச் வழக்கமாக வெளியே வரும்போதுதான் கார்டில் எழுதும். சேமித்துவிட்டோம் என்று நம்பிப் பிளக்கைப் பிடுங்கினால் அது போய்விடும். என் மகளின் இரண்டு மாத விளையாட்டு அப்படி அழிந்தது, அவள் அழுததை இன்னும் மறக்க முடியவில்லை. ரெட்ரோஆர்ச்சின் சேமிப்பு அமைப்பில் தானாகச் சேமிக்கும் இடைவெளியை 60 வினாடி என்று வைத்துவிடுங்கள். பெட்டியை எப்போதும் மெனு வழியாகவே அணையுங்கள்.

7. படங்களும் விவரங்களும்

தீம் அழகாகத் தெரிய அட்டைப்படமும் சிறு வீடியோவும் வேண்டும். அவற்றைத் தேடி இறக்குவதற்கு ஸ்கிரேப்பிங் என்று பெயர். ஸ்கிரீன்ஸ்கிரேப்பர் தளத்தில் இலவசக் கணக்குத் தொடங்கி அதன் விவரத்தை மெனுவில் கொடுங்கள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்ற வரம்பு உண்டு, ஆகவே நூற்றுக்கணக்கான கேம்கள் இருந்தால் இரவில் ஓடவிட்டுத் தூங்குங்கள். வீடியோக்கள் இடத்தை விழுங்கும், சிறிய கார்டில் படம் மட்டும் போதும்.

8. இப்போது தீம்

ரெட்ரோபையில், ரெட்ரோபை மெனுவுக்குள் இருக்கும் ஈஎஸ் தீம்ஸ் பகுதியில் நிறுவலாம். பாட்டோசெராவில் மெனுவின் பதிவிறக்கப் பகுதியில். கையால் போடுவதானால் பாட்டோசெராவின் யூசர்டேட்டா கோப்புறைக்குள் இருக்கும் தீம்ஸ் கோப்புறையில் மட்டும் போடுங்கள். கணினிப் பகுதியில் செய்யும் மாற்றங்கள் அடுத்த புதுப்பித்தலில் நிற்காது.

தேர்ந்தெடுக்கும்போது என் அனுபவத்தில் மூன்றைப் பார்க்க வேண்டும். உங்கள் திரையின் விகிதம் முதலாவது. 16:9 திரைக்கு வரைந்த தீம் 640×480 கைக்கருவியில் நசுங்கிவிடும். அடுத்தது பளு. பெரிய படங்கள் நிறைந்த தீம் பை 3-இல் வெள்ளைக் கட்டங்களாகத் தெரிந்தால் வரைகலை நினைவகம் போதவில்லை என்று பொருள், இலகுவான கார்பன் தீமுக்குத் திரும்பி வாருங்கள். மூன்றாவது, உங்கள் தாளில் உள்ள எல்லாக் கன்சோல்களுக்கும் அந்தத் தீமில் படம் இருக்கிறதா என்பது. இல்லாதவை மட்டும் வெறும் எழுத்தாக நிற்கும்.

தீமின் ஓரங்கள் வெட்டுப்பட்டால் அது தீமின் குற்றமல்ல. தொலைக்காட்சியின் பட அமைப்பில், படத்தின் ஓரங்களை வெட்டிக் காட்டும் ஓவர்ஸ்கேனை அணையுங்கள். அங்கேயே கேம் மோடையும் போட்டுவிடுங்கள், பொத்தானை அழுத்துவதற்கும் பாத்திரம் குதிப்பதற்கும் இடையே உள்ள தாமதம் குறையும்.

குழந்தைகளுக்காக முகப்பைப் பூட்ட விரும்பினால் எமுலேஷன்ஸ்டேஷனில் கியாஸ்க், கிட் என்று இரண்டு நிலைகள் உண்டு. ரெட்ரோபையில் பூட்டைத் திறக்க மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்று வரிசையாக அழுத்த வேண்டும். பூட்டும் முன் இதை எழுதி வையுங்கள்.

9. சொந்தத் தீம், அதில் தமிழ்

புதிதாக எழுதத் தொடங்காதீர்கள். உள்ள தீம் ஒன்றை நகலெடுத்துப் பெயர் மாற்றி, நகலில் கை வையுங்கள். உள்ளே ஒவ்வொரு கன்சோலுக்கும் ஒரு கோப்புறை, அதில் குறிகளால் எழுதிய எக்ஸ்எம்எல் என்ற உரைக் கோப்பு ஒன்று, சில படங்கள். இடமும் அளவும் பிக்ஸலில் அல்ல, 0 முதல் 1 வரையான பின்னத்தில் குறிக்கப்படும். 0.5, 0.5 என்றால் திரையின் நடு. நிறத்துக்கு எட்டு இலக்கக் குறியீடு, கடைசி இரண்டும் ஒளிபுகும் தன்மை. முதல் நாள் பின்னணிப் படத்தையும் நிறத்தையும் மட்டும் மாற்றிப் பாருங்கள். ஒரு குறியை மூட மறந்தாலும் அந்தக் கன்சோலின் பக்கம் வெறுமையாகிவிடும், எந்த வரியில் பிழை என்பது எமுலேஷன்ஸ்டேஷனின் பதிவுக் கோப்பில் இருக்கும். பிழை தேடும் டீபக் நிலையில் முகப்பைத் தொடங்கினால் விசைப்பலகையில் கன்ட்ரோல் விசையுடன் ஆர் அழுத்தி ஒவ்வொரு மாற்றத்தையும் உடனே பார்க்கலாம், பெட்டியை மறுதொடக்கம் செய்ய வேண்டியதில்லை.

தமிழில் தலைப்பு வைக்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு குறிப்பு. ரெட்ரோபையின் எமுலேஷன்ஸ்டேஷன் எழுத்துகளை ஒவ்வொன்றாக அடுக்குமே தவிர, சேர்த்து வடிவமைக்காது. தமிழ் எழுத்துரு கொடுத்தாலும் எகர, ஒகரக் கொம்புகள் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், "கொ" சிதைந்துவிடும். எழுத்துரு மாற்றி மாற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள், எந்த எழுத்துருவிலும் இது தீராது. தலைப்பைப் படமாக்கி வையுங்கள். இங்க்ஸ்கேப் என்ற வரைகலைச் செயலியில் தமிழில் எழுதி, எழுத்தைப் பாதையாக (கோட்டு வடிவமாக) மாற்றியபின் எஸ்விஜி என்ற படக் கோப்பாகச் சேமியுங்கள். பாதையாக மாற்றாமல் சேமித்தால் எஸ்விஜியில் உள்ள எழுத்தை முகப்பு வரையவே வரையாது. "அப்பாவின் கேம்கள்" என்று என் தொகுப்புக்கு இப்படித்தான் பெயர் வைத்தேன், கொம்பும் காலும் பிசகாமல் தெரிகின்றன.

பிறருக்குக் கொடுப்பதானால் மூலத் தீமின் உரிமத்தைப் படியுங்கள். பல தீம்கள் வணிகமல்லாத பயன்பாட்டுக்கான கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருகின்றன. வரைந்தவரின் பெயரை நீக்கக் கூடாது, விற்கவும் கூடாது.

10. காப்பு நகல்

எல்லாம் ஒழுங்காக ஓடத் தொடங்கிய அன்றே கார்டை முழுவதுமாக ஓர் இமேஜ் கோப்பாகக் கணினியில் எடுத்து வையுங்கள். வின்32 டிஸ்க் இமேஜர் போதும். 64 ஜிபி கார்டுக்கு ஒரு மணி நேரம் வரை ஆகலாம், கணினியில் அதே அளவு காலி இடமும் வேண்டும். சேமிப்புக் கோப்புகளை மட்டும் மாதம் ஒருமுறை தனியே நகலெடுத்தால் போதும்.

ஒன்றைக் கவனியுங்கள். 64 ஜிபி என்று அச்சிட்ட இரண்டு கார்டுகளின் உண்மையான அளவு தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் சில மெகாபைட் வேறுபடும். எடுத்த இமேஜைவிடப் புதிய கார்டு சிறிதளவு சிறியதாக இருந்தாலும் அதில் முழுமையாக எழுத முடியாது. ஆகவே கார்டு வாங்கும் நாளிலேயே ஒரே தயாரிப்பில் இரண்டாக வாங்கி, இரண்டாவதில் இந்த இமேஜை எழுதி, பெட்டி அதிலிருந்தும் எழுகிறதா என்று பார்த்துவிட்டு எடுத்து வையுங்கள்.